பெரிய மனிதரை நான் திருத்திய கதை

உலகம் அறிந்த ஒரு மனிதரை நான் ஒருமுறை அரைமணி நேரம் மகானாக்கி வைத்திருந்தேன். அவருடைய சம்மதத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிச்சயம் மறுத்திருப்பார்.

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் சார்பில் வந்தவர் என்னிடம், "இளையவங்களுக்கு வழிகாட்டுற மாதிரி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கய்யா" என்று கேட்டார். முப்பது வருடம் பினாங்கு நீதிமன்றத்தில் துபாஷியாக இருந்தவன் கையில் வழிகள் மூட்டையாகக் கிடக்கும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சட்டச் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது, எந்த அகராதி நல்லது என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் எழுதப்போவது வகுப்பில் சொல்ல வெட்கப்படும் சங்கதி.

அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் போகிற கப்பல்கள் பினாங்கில் ஒரு பகல் நிற்கும். கப்பலில் புகழ்பெற்றவர் யாராவது இருக்கிறார் என்று தெரிந்தால் நம் ஆட்கள் விடமாட்டார்கள். இறக்கி, மாலை போட்டு, ஊர்வலம் விட்டு, உபசாரப் பத்திரம் வாசித்து, பேசவைத்து, சாயங்காலம் திரும்ப ஏற்றிவிடுவார்கள். வந்தவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பக்கத்தில் ஒரு துபாஷி நிற்கவேண்டும். பல தடவை அந்தத் துபாஷி நான்தான்.

அப்படி நின்று நின்று ஒன்று கண்டுபிடித்தேன். அரைகுறையாகப் பெயர் வாங்கியவர்கள் தங்கள் பட்டங்களை எழுதிய காகிதத்தைச் சட்டைப்பையில் கொண்டுவருவார்கள். ஒரு பட்டம் விட்டுப்போனாலும் முழங்கையால் என் விலாவில் இடிப்பார்கள். உண்மையிலேயே பெரிய ஆட்களுக்குத் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வதில் ஒரு குஷி. ஒரு பயில்வான் வந்தார். மார்பின்மேல் மாட்டுவண்டியை ஏற்றி இறக்கியவர். மேடையில் அவர் தெலுங்கில் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "கப்பல் டாக்டர் அம்மை குத்த ஊசியோடு வந்தார், நான் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டேன். காலைப் பிடித்து இழுத்தார்கள்." அதை நான் அப்படியே தமிழில் சொன்னேன், கொட்டகை குலுங்கியது. ஆனால் அது பிற்பாடு நடந்தது. அதற்குள் நான் திருந்தியிருந்தேன். திருந்துவதற்கு முன்பு நடந்ததைத்தான் இங்கே சொல்லவேண்டும்.

முப்பதுகளின் ஆரம்பம் அது. நான் நீதிமன்றத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. அந்த ஆறு மாதமும் பரீட்சைக் காலம். அது முடியும்போது பதிவாளர் துரை ஓர் அறிக்கை எழுதுவார். நல்லபடி எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். மூட்டையைக் கட்டி எங்கே போவேன் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருந்தது. கெப்பாலா பத்தாஸில் என் மாமனாருக்குக் கருவாட்டுக் கடை. "அரசாங்க உத்தியோகம்னு சொல்லித்தான் பொண்ணைக் கேட்டீங்க. அது இல்லேன்னா நம்ம கடையில வந்து உக்காந்துக்குங்க மாப்பிள்ளை, வெக்கப்படாதீங்க" என்று கல்யாணப் பந்தலிலேயே சொல்லிவிட்டார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பை நினைத்தாலே எனக்குக் கருவாட்டு வாசனை மூக்கில் ஏறும்.

பதிவாளர் துரையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெட்டையான வெள்ளைக்காரர். சென்னைக்கு அனுப்பித் தமிழ் படிக்கவைத்து, பரீட்சையும் தேறி, அதற்குப் பிறகுதான் பினாங்குக்கு வந்தவர். அவருக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு என்று ஊரெல்லாம் பேச்சு. நீதிமன்றத்தில் சாட்சிகள் தமிழில் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிதானமாகத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தே பாதிப் பேர் பொய் சொல்லப் பயப்படுவார்கள். நானும் பயந்தேன். அவர் முன்னால் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை.

அந்த வாரத்தில்தான் வடநாட்டுப் பெரியவர் ஒருவர் கப்பலில் வருவதாகத் தந்தி வந்தது. பெயரைச் சொல்லமாட்டேன். உங்களில் பலர் வீட்டுக் கூடத்தில் அவர் படம் மாட்டியிருக்கும், கதையைப் படித்துவிட்டு அந்தப் படத்தைப் பார்க்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்தால் வீட்டில் திட்டுவார்கள். பெரிய கல்விமான், பெரிய பேச்சாளர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வரவேற்புக் கமிட்டிக்குத் தலைவர் மரைக்காயர். துணி மொத்த வியாபாரி, ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் முதல் ஆளாக நிற்பவர். மூன்று நாள் கடையில் கல்லாவை மைத்துனரிடம் விட்டுவிட்டு உபசாரப் பத்திரத்தைத் தானே உட்கார்ந்து எழுதினார். சனிக்கிழமை, கூட்டத்தன்று மதியம் டத்தோ கிராமாட் பக்கத்து நாடகக் கொட்டகையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, வாறவரு லேசுப்பட்ட ஆளு இல்ல. சீமையில ராஜாக்களோட உக்காந்து சாப்புடுற மனுஷன். அவரு மானமும் நம்ம ஊரு மானமும் இன்னக்கி உங்க வாயிலதான் இருக்கு."

"பாத்துக்கிறேங்க."

"ஒரு சொல்லு கொறஞ்சு போச்சுன்னா நான் பசார்ல தலை காட்ட முடியாதுலா, நெனப்புல வச்சுக்குங்க."

நினைப்பில் வைத்துக்கொண்டேன். அதுதான் வினை.

கொட்டகை நிரம்பி வழிந்தது. துறைமுகத் தொழிலாளர்கள், சுங்கை பினாங்கிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள், கடைச் சிப்பந்திகள், அக்கரையிலிருந்து படகேறி வந்தவர்கள். ஒருபக்கம் முழுக்கப் பெண்கள். முன்வரிசையில் பிரம்பு நாற்காலியில் நம் பதிவாளர் துரை, காலின்மேல் கால் போட்டுக்கொண்டு.

பெரியவர் சின்ன உருவம். தலையில் மட்டும் பெரிய வெள்ளைத் தலைப்பாகை. சங்கத்துக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று மாலை போட்டதில் மூக்குக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. மரைக்காயர் பத்திரத்தை வாசித்தார். "கல்விக் கடலே, கருணை மலையே" என்று தொடங்கி, சூரியன், சந்திரன், சிங்கம், குயில் என்று ஒன்று விடாமல் அவரை உவமித்தார். அரைமணி நேரம் ஆனது. பெரியவர் மாலைகளுக்கு மேலிருந்து இரண்டு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். சுருக்கத்தை நான் அவர் காதில் சொன்னேன். குயில் வரைக்கும் பொறுத்துக்கொண்டார், பிறகு அவர் தோள் குலுங்கியது. உணர்ச்சிவசப்பட்டார் என்று நினைத்தேன்.

பேச எழுந்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்ன முதல் வார்த்தைகள் இவை:

"இப்போது வாசித்த பத்திரத்தில் ஒரு மனிதரை வருணித்தார்கள். அவரைச் சந்திக்க எனக்கும் ரொம்ப ஆசை. இந்தக் கூட்டத்தில் இருந்தால் அவர் தயவுசெய்து மேடைக்கு வரட்டும். இந்த மாலைகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் கொஞ்சம் மூச்சு விடுகிறேன்."

சொல்லிவிட்டு ஆவலோடு என்னைப் பார்த்தார். நான் மரைக்காயரைப் பார்த்தேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய மனிதர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு, என்ன சொல்லப்போகிறாரோ என்று வாயைத் திறந்துவைத்திருந்தார். இதை எப்படிச் சொல்வது? அவர் மனசு என்ன ஆகும்? உலகம் புகழும் ஒருவர், 'அது நான் இல்லை' என்று சொன்னதாகச் சொன்னால் ஜனங்கள் ஆள் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டால்?

வாயைத் திறந்தேன். "நீங்கள் அளித்த வரவேற்பில் என் நெஞ்சம் நிறைந்து மூச்சே நின்றுவிட்டது" என்றேன்.

ஜனங்கள் பக்தியோடு கை தட்டினார்கள். மரைக்காயர் கண்ணைத் துடைத்தார். பெரியவர் முகத்தில் லேசாக ஒரு குழப்பம். சிரிப்பை எதிர்பார்த்த இடத்தில் கும்பிடு வந்ததே என்று பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தேன். பதிவாளர் துரை நிதானமாகத் தலையாட்டினார். தமிழ் தெரிந்த மனிதரே சரி என்கிறார், அப்புறம் என்ன என்று தைரியம் வந்துவிட்டது.

பெரியவர் விடவில்லை. முதல் பந்து போகாவிட்டால் என்ன என்று அடுத்ததைப் போட்டார்.

"பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் மூன்று தடவை தோற்றேன். வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு, இவனை எருமை மேய்க்க அனுப்புங்கள் என்றார். அப்பா அனுப்பினார். அன்று சாயங்காலம் எருமை மட்டும் சரியாக வீட்டுக்கு வந்தது. என்னைத் தேடி ஊரே லாந்தரோடு அலைந்தது."

நான் சொன்னேன்: "சிறு வயதிலேயே ஐயா அவர்கள் எண்களின் எல்லையைக் கடந்தார்கள். வாயில்லா ஜீவன்களிடத்தில் அன்பு கொண்டு தனிமையை நாடினார்கள். ஊரே விளக்கேந்தி அவர்களைத் தேடி வந்தது."

பெண்கள் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம். கூட்டத்தில் ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். துரை தலையாட்டினார்.

தம்பிகளே, இங்கே ஒன்று சொல்லவேண்டும். முதல் பொய்க்குத்தான் யோசித்தேன். இரண்டாவது தானாக வந்தது. மூன்றாவது வரும்போது எனக்கு அதில் ஒரு ருசியே வந்துவிட்டது. இவர் சொல்வதைவிட நான் சொல்வது நன்றாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். நம் தொழிலில் ஆளைக் கவிழ்ப்பது அந்த நினைப்புதான்.

பெரியவர் இப்போது கொஞ்சம் பயந்துபோயிருந்தார். தன்னை மட்டம் தட்டத் தட்ட ஜனங்கள் கும்பிடுகிறார்களே! இதோடு முடித்துவிடுவது என்று தன்னிடம் இருந்ததிலேயே பெரிய கதையை எடுத்தார். கப்பல் குளியலறையில் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டதாம். ஒரு மணி நேரம் உள்ளேயே தட்டிக்கொண்டிருந்தாராம். கடைசியில் சீனப் பணியாள் ஒருவர் தோளால் மோதிக் கதவை உடைத்தபோது, துண்டு எங்கே இருக்கிறது என்று தேட அவருக்கு நேரம் கிடைக்கவில்லையாம்.

இதை ஆயிரம் பேர் முன்னால், பெண்கள் இருக்கும் சபையில் எப்படிச் சொல்வேன்? கண்ணை மூடிக்கொண்டேன். என் வாய் பாட்டுக்குப் பேசியது:

"கப்பலில் ஐயா அவர்கள் ஒருநாள் அனைத்தையும் துறந்த நிலையில் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு சீனச் சகோதரருக்கும் இடையில் ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவு உடைந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் கண்டார்கள்."

கொட்டகை எழுந்து நின்றது. "ஒத்துமைன்னா இதுதான்லா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முன்வரிசையில் ஓர் ஆச்சி தேம்பி அழுதார். பெரியவர் என்னைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொண்டால் போதும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டார்.

"கடைசியாக ஒன்று," என்றார். "இந்தத் தலைப்பாகையைத் தினமும் கட்டிவிடுவது என் மனைவி. அவள் இந்தப் பயணத்தில் வரவில்லை. இன்று நானே கட்டினேன். எந்த நிமிஷமும் விழலாம். விழுந்தால் யாரும் பயப்படவேண்டாம், உள்ளே பெரிதாக ஒன்றும் கிடையாது."

நான் கையை உயர்த்தினேன். அந்தக் கையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"இந்தத் தலைப்பாகை நம் முன்னோரின் மானம்!" என்றேன். "என் உடலில் உயிர் உள்ளவரை இது சாயாது!"

இடி இடித்தமாதிரி கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு நன்றி சொல்லப் பெரியவர் குனிந்து வணங்கினார். தலைப்பாகை கழன்றது. கழன்று மேடையில் விழுந்து, உருண்டு, பிரிந்து, முழுநீளத்துக்கும் அவிழ்ந்து, பதிவாளர் துரையின் பூட்ஸில் போய் நின்றது.

உடனே பெண்கள் பக்கத்திலிருந்து, "ஐயோ, ஐயாவுக்கு என்னமோ ஆகப் போவுது!" என்று ஓர் அலறல்.

உயிர் உள்ளவரை சாயாது என்று நான்தானே சொன்னேன்? சாய்ந்துவிட்டது. அப்படியானால் உயிர்? ஜனங்கள் கணக்குச் சரியாகவே போட்டார்கள். "டாக்டரைக் கூப்புடு!" "காத்தை விடுங்கய்யா!" "சோடா கொண்டா லா!" என்று ஆளாளுக்கு மேடையில் ஏறினார்கள். நான்கு பேர் பெரியவரைத் தூக்கிப் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். வலிப்பு வருகிறது என்று நினைத்து காலைப் பிடித்துக்கொண்டார்கள். துறைமுகத்துக்காரர் ஒருவர் சோடா பாட்டிலை உடைத்து அவர் முகத்தில் அடித்தார். மரைக்காயர் உபசாரப் பத்திரத்தால் விசிறினார்.

பெஞ்சிலிருந்து ஒரு கை மேலே வந்து என் சட்டையைப் பிடித்தது. சோடா சொட்டும் முகத்தோடு பெரியவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "அப்பா, இவர்களிடம் நீ என்ன சொன்னாய்?"

நெருக்கடி என்றால் இதுதான். யோசிக்க எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு. 'எங்கள் ஜனங்கள் அன்பு மிகுந்தவர்கள், ஐயா, தலைப்பாகை விழுந்ததைத் தாங்கமாட்டார்கள்' என்று சொல்லலாம். நம்பியிருப்பார். கூட்டத்திடம், 'ஐயாவுக்குச் சின்ன மயக்கம், இப்போது தெளிந்துவிட்டது' என்று சொல்லலாம். அவர்களும் நம்பியிருப்பார்கள். எல்லோரும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் மரைக்காயர் என் தோலை உரிப்பார். அதைவிட, முன்வரிசையில் என் வேலையைக் கையில் வைத்திருக்கும் மனிதர் உட்கார்ந்திருக்கிறார். பொய்யாக மொழிபெயர்த்தேன் என்று ஒரு துபாஷி ஆயிரம் பேர் முன்னால் ஒப்புக்கொண்டால், திங்கட்கிழமை கருவாட்டுக் கடையில்தான் உட்காரவேண்டும்.

துரையைப் பார்த்தேன். தலைப்பாகையின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி, அவர் என்னைப் பார்த்து நிதானமாகத் தலையாட்டினார்.

அவருக்கு எல்லாம் தெரியும், சொல்லிவிடு என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மேடை ஓரத்துக்கு வந்தேன்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! ஐயாவுக்கு ஒண்ணும் ஆகலை. அவரு சொன்னதை நான் சொல்லலை!"

"அப்ப யாரு சொன்னதை லா இவ்வளவு நேரம் சொன்ன?" என்று பின்னாலிருந்து அதே குரல் கேட்டது.

"நானா சொன்னேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சொன்னேன். பத்திரத்தில் உள்ள ஆளை அவரும் தேடுகிறார் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மரைக்காயர் முகம் சிவந்தது. எருமை மட்டும் வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னேன். மூலையில் ஒருவர் 'ஹுக்' என்றார். தாழ்ப்பாள், துண்டு, சீனப் பணியாள் எல்லாவற்றையும் சொன்னேன். 'இருவரும் ஒருவரை ஒருவர் கண்டார்கள்' என்று நான் சொன்னதற்கு நிஜ அர்த்தம் இப்போதுதான் ஆச்சிக்கு விளங்கியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவர் குலுங்கிய குலுங்கலில் பக்கத்து நாற்காலியும் ஆடியது. அங்கே ஆரம்பித்தது, அலை மாதிரி பின்வரிசைவரை போயிற்று. தலைப்பாகை மனைவி கட்டுவது, உள்ளே ஒன்றும் இல்லை என்பது வரைக்கும் வந்தபோது நான் சொல்வது எனக்கே கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்த அதே கண்கள் சிரித்து அழுதன.

பெஞ்சில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். தனக்கு வரவேண்டிய சிரிப்பு அரைமணி தாமதமாக, வட்டியோடு வந்து சேர்ந்ததில் முகமெல்லாம் பல். மரைக்காயர் கொஞ்ச நேரம் பத்திரத்தையே பார்த்தார். "குயில்னு எழுதும்போதே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, தம்பி" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அவரும் வெடித்துவிட்டார். வியாபாரத்தில் துணி விரித்து மடித்தே பழகிய கை அது. தலைப்பாகையை வாங்கி, மேடையிலேயே பெரியவர் தலையில் அழகாகக் கட்டிவிட்டார். "இனிமேல் விழுந்தால் கமிட்டிதான் பொறுப்பு" என்றார் பெரியவர். அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

துறைமுகத்துக்கு மோட்டார் காடியில் போகும்போது நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன். வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

"நீ மட்டுமா?" என்றார். "ஏழு மொழிகளில் என்னை மகானாக்கிவிட்டார்கள். பிடிபட்டது நீ ஒருவன்தான். என் மனைவிக்கு மட்டும் துபாஷி தேவைப்படவில்லை, அவள் நேராகவே என் பேச்சைக் கேட்டு நான் எப்பேர்ப்பட்டவன் என்று தெரிந்துகொண்டாள்." கொஞ்சதூரம் போனபிறகு, "அந்தச் சீனச் சகோதரர் பகுதியை மட்டும் எழுதிக்கொடு, அது நன்றாக இருந்தது" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று இரவெல்லாம் யோசித்தேன். தன்னைத் தாழ்த்திப் பேசியது அவர், கூசியது எனக்கு. ஏன்? ஒரு கேலியில் கிழிந்துபோகிற அளவுக்குத்தான் அவர் மானம் என்று நான் நினைத்திருக்கிறேன். என் மானம் அப்படிப்பட்டது. அதனால் எல்லோர் மானமும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு என்னைத்தான் மூடி மறைத்துக்கொண்டிருந்தேன். இது அன்றைக்கே புரிந்தது. புரிந்து என்ன பயன்? திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி ஒன்றும் கேட்காமல் கெப்பாலா பத்தாஸ் போக இரண்டு பெட்டி போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை பதிவாளர் துரை கூப்பிட்டனுப்பினார். மேஜையில் என் பெயர் எழுதிய கோப்பு திறந்திருந்தது. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"சனிக்கிழமை நீ செய்தது நீதிமன்றத்தில் நடந்திருந்தால் ஒருவன் ஜெயிலுக்குப் போயிருப்பான்" என்றார் ஆங்கிலத்தில்.

"ஆமாம், ஐயா."

"மேடையில் ஏன் ஒப்புக்கொண்டாய்?"

"நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். உங்களுக்குத் தமிழ் தெரியும். நான் மாற்றிச் சொன்னது உங்களுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கும். தலையாட்டிச் சொல்லிவிடு என்றீர்கள்."

துரை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கழுத்திலிருந்து காதுவரை சிவந்துவிட்டார்.

"உன்னிடம் ஓர் உண்மை சொல்கிறேன். எனக்குத் தமிழ் தெரியாது."

"பரீட்சை தேறினீர்களே, ஐயா?" என்றேன்.

"சென்னையில் தமிழ் சொல்லிக்கொடுத்த முன்ஷி நல்ல மனிதர். பரீட்சையில் கேட்கக்கூடிய பத்துக் கேள்விகளை மனப்பாடம் செய்யவைத்தார். பத்தும் வந்தன. பாஸானேன். பதினோராவது கேள்வியை யாராவது கேட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். நிதானமாகத் தலையாட்டுங்கள், துரை, மரியாதையாக இருக்கும் என்றார். மூன்று வருடமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை நீ அந்தப் பெரியவரை மகானாக்கியதற்கும் ஆட்டினேன், அவர் சாகப்போகிறார் என்று அவர்கள் அலறியதற்கும் ஆட்டினேன். நீயாகச் சொல்லி, அது மறுநாள் கிளப்பில் ஆங்கிலத்தில் பேச்சாகியிராவிட்டால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது."

நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். என்னைப் பிடித்தது என் வாய்தான், வேறு சாட்சியே கிடையாது.

"அந்தப் பெரியவர் தன் தலைக்குள் ஒன்றும் இல்லை என்று ஆயிரம் பேரிடம் சொல்லிவிட்டுச் சந்தோஷமாகக் கப்பலேறுகிறார்" என்றார் துரை. "நான் ஒரு துபாஷியிடம் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்ல முடிகிறது. பரவாயில்லை, எனக்கு இது முதல் தடவை." இதை அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்வரை நான் வெளியில் சொல்லவில்லை. அதற்குள் அவர் நிஜமாகவே தமிழ் கற்றுக்கொண்டார், ஆனால் அது வேறு கதை.

பிறகு எழுந்து கதவைத் திறந்தார். வாசலில் நின்ற பியூனை உள்ளே கூப்பிட்டுச் சும்மா நிற்கச் சொன்னார். அந்தப் பியூன் தமிழன். காலையில் அவன் காதில் விழுந்தது மதியத்துக்குள் டத்தோ கிராமாட்டில் இட்லியோடு பரிமாறப்படும். அவனை எதற்குக் கூப்பிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.

துரை கோப்பை என் பக்கம் திருப்பினார். "உன்னைப் பற்றி எழுதிய அறிக்கை. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இதைத் தமிழில் உரக்க மொழிபெயர். இதுதான் உனக்குக் கடைசிப் பரீட்சை."

ஆங்கிலத்தில் நான்கு வரி இருந்தது. படித்தேன். துரைக்குத் தமிழ் தெரியாது, நான் எப்படிச் சொன்னாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாது. 'இவர் அனுபவம் போதாதவர்' என்று சொல்லலாம். 'இவர் எளிய மனத்தினர்' என்று சொல்லலாம். நாக்கின் நுனியில் இரண்டும் தயாராக நின்றன. பியூன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

மூச்சை இழுத்துவிட்டு உரக்கச் சொன்னேன்: "இந்த ஆள் ஒரு வடிகட்டின முட்டாள். ஆயிரம் பேர் முன்னிலையில் நாலு தடவை புளுகினான். யாரும் கண்டுபிடிக்காத புளுகைத் தானே போய் ஒப்புக்கொண்டான். இவனை வேலையில் நிரந்தரமாக்கலாம்."

பியூன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் பார்த்தேன். பிறகு நானும் சிரித்துவிட்டேன். துரை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொழிபெயர்ப்பு சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.